ஒரு கட்டமும் விடாமல்

ஜூன் 2, 2025, திங்கள்

மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் (ஜே.டி.) ஆபீஸிலிருந்து இந்த மாதம் ஆய்வுக்கு வருவார்கள் என்று பேச்சு. எடப்பாடிப் பக்கம் ஸ்கேன் சென்டர் வைத்திருப்பவர்கள் ஃபைல்களைத் தூசி தட்டுகிறார்கள். எங்கள் மகப்பேறு மருத்துவமனையில் ஸ்கேன் அறையிலிருந்தே தொடங்கினேன். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறது; ஐந்தாண்டுக் கெடு முடியவில்லை. மெஷினின் பின்பக்கத் தகட்டில் உள்ள எண்ணையும் சான்றிதழில் உள்ள எண்ணையும் டார்ச் அடித்து ஒப்பிட்டேன். ஒத்துப்போகிறது.

பிறகு 'எஃப்' படிவங்கள். அனுப்பிய டாக்டரின் சீட்டு, ஸ்கேனுக்கான காரணம், பாலினம் அறிய விருப்பமில்லை என்ற தாயின் உறுதிமொழி, தெரிவிக்கவில்லை என்ற டாக்டரின் உறுதிமொழி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கைநாட்டு வைத்தவர் என்றால், அவரை அடையாளம் காட்டியவர் யார், என்ன உறவு என்பதும் இருக்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அக்கா, ஸ்கேன் பாக்க வர்றவங்ககிட்ட எத்தன பையன், எத்தன பொண்ணு, என்ன வயசுன்னு எதுக்குக் கேக்கணும்?"

அவளை உட்காரவைத்துச் சொன்னேன். 1991 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். பெற்றவர்கள் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடட்டும் என்று 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கப்பட்டதும் இங்கேதான். 2001இலும் 851க்கு மேல் ஏறவில்லை. அப்போது மாநில அளவில் 942. பிறந்த பிறகு கள்ளிப்பால் செய்ததைப் பிறக்கும் முன்பே ஸ்கேன் செய்யும் என்ற நிலை வந்ததால்தான் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு மூன்றாவது கர்ப்பம் என்றால், அந்தக் கட்டத்தைப் படிப்பவருக்கு அந்த வீட்டின் நெருக்கடி புரியும்.

அவள் அதற்கப்புறம் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

போன மாத ஸ்கேன்களின் அறிக்கையை இன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். ஐந்தாம் தேதி தாண்டக் கூடாது. அனுப்பி, ஒப்புகையை ஃபைலில் சேர்த்தாயிற்று.

படிவத்தில் வரும் எழுத்துப் பிழைக்கெல்லாம் டாக்டரைக் குற்றவாளி ஆக்கலாமா என்று மகப்பேறு மருத்துவர்கள் சங்கக் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 மே மாதத் தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடுமைதான். ஆனாலும் அது சரி என்பதே என் எண்ணம். கருவில் நடந்ததற்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. அந்தத் தாள் ஒன்றுதான் சாட்சி. கட்டத்தைக் காலியாக விட்டால் சாட்சியின் வாயை அடைப்பதாகத்தான் அர்த்தம்.

ஜூன் 7, சனி

லேபர் ரூம். நஞ்சுக்கொடி மஞ்சள் பையில், கையுறையும் டியூபும் சிவப்பில், குத்தினாலும் துளைக்காத வெள்ளை டப்பாவில் ஊசி, மருந்துக் குப்பி நீலத்தில். எடை போட்டு, பார்கோடு ஒட்டி, அன்றன்றே ரெஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். 2016 விதிப்படி 48 மணி நேரத்துக்கு மேல் கழிவு இங்கே தங்கக் கூடாது. பையைத் தூக்குகிற அம்மாவின் கையில் ஊசி குத்தாமல் இருப்பதற்குத்தான் இத்தனை நிறமும்.

ஜூன் 10, செவ்வாய்

மதியம் ஒரு மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சும்மா சாடையாச் சொல்லு கண்ணு. மருமக ஆசப்படறா." அந்த மருமகள் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். "ஆணா பெண்ணான்னு இங்க யாருக்கும் சொல்ல மாட்டோம்மா. கேக்கறதும் தப்பு" என்று அறிவிப்புப் பலகையைக் காட்டினேன். பிறகு மருமகளை மட்டும் உள்ளே அழைத்து, வீட்டில் யாராவது மிரட்டுகிறார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த செக்கப்பிலும் அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அதிகாரி வரும்போது இப்படி ஒரு மாமியார் எதிரில் இருக்க மாட்டார். ஆய்வுக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து நிரப்புகிற படிவம் எங்களைக் காப்பாற்றலாம். அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது. அதனால் ஸ்டாஃப் எல்லாரையும் கூட்டி ஒன்றை உறுதியாகச் சொல்லிவிட்டேன்: தாய் ஸ்கேன் அறையை விட்டு வெளியே போவதற்கு முன் படிவம் முழுதாக நிரம்பியிருக்க வேண்டும். சாயங்காலம் நானே எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். இப்படி நடத்தினால் ஜே.டி. எந்த நாளில் வந்தாலும் சரிதான்.