பீரோ சாவியும் ஏ.பி.ஐ. சாவியும்

ராத்திரி ரெண்டு மணி, புராஜெக்ட் அவசரம். கோடோடு சேர்த்து கிளவுட் கணக்கின் ரகசியச் சாவியையும் கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஏற்றிவிட்டேன். விடிந்து பார்த்தால், யாரோ என் கணக்கில் சர்வர் ஓட்டியிருக்கிறார்கள். பில்? அப்பாவின் ஒரு மாசத் தறிக்கூலி! பதறிப்போய் ஃபைலை அழித்தேன். பழைய பதிவுகளில் சாவி அப்படியே இருந்தது. சாவியையே ரத்து செய்த பிறகுதான் மூச்சு வந்தது.

''சாவியக் கதவுலயே தொங்கவிட்டா திருடனுக்கு என்ன கண்ணு கஷ்டம்?'' என்றார் அம்மா. எங்கள் சோமனூர் வீட்டில் பீரோ சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கும்.

எனக்கும் ஒரு டப்பா தேடினேன். சென்னை ஸோஹோவின் 'வால்ட்', பிட்வார்டன் ரெண்டும் எந்த மெஷினிலும் திறக்கும். டீமாக வேலை செய்ய வசதி. ஆனால் 2022-ல் லாஸ்ட்பாஸில் பயனாளிகளின் பெட்டக நகல்களே திருடு போயின. பூட்டியபடிதான் போயின என்றாலும், லேசான மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கு ஆபத்துதானே? கடைசியில் 2003-ல் வந்த கீபாஸையே பிடித்துக்கொண்டேன். இலவசம். எல்லாம் என் லேப்டாப்பிலேயே, பூட்டிய ஒரே ஃபைலில். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் திறந்துவிட ஆளில்லை, அதுதான் விலை. நகல் ஒன்று பென்டிரைவில், அம்மாவின் பீரோவில். கோடுக்குள் சாவி எழுதுவதை அடியோடு விட்டாச்சு.

அய்யோ, பீரோ சாவி இருக்கிற இடத்தைச் சொல்லிட்டேனே! கவலைப்படாதீங்க... வெளியே தெரிஞ்ச சாவியை மாத்திடணுமில்ல? அம்மா டப்பாவை மாத்திட்டாங்க!