ஒரு படத்துக்கு ஐந்து வினாடி போதுமா?

என் மாமியாருக்கு 2023-ம் வருஷம் தை மாதம் எண்பது வயது பூர்த்தியாயிற்று. புடவையும் ஸ்வீட்டும் எல்லோரும்தான் தருவார்கள். பீரோவில் கிடக்கும் பழைய போட்டோக்களை எல்லாம் டி.வி.யில் ஓட விட்டால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை.

பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்று போன எனக்குக் கம்ப்யூட்டர் என்றாலே கை நடுங்கும். கல்லூரியில் படிக்கும் என் பையன்தான் பவர்பாயிண்டில் ஒரு ஸ்லைடுக்கு ஒரு போட்டோ வீதம் வைக்கக் கற்றுக் கொடுத்தான். நாற்பத்திரண்டு படம் சேர்த்தேன்.

பிறந்த நாள் அன்று பென் டிரைவை டி.வி.யில் சொருகினால், ஒன்றுமே வரவில்லை! கூடம் நிறைய உறவுக்காரர்கள். எனக்கு முகமெல்லாம் வேர்த்து விட்டது.

"அம்மா, டி.வி.க்கு வீடியோதான் தெரியும். இது இன்னும் வீடியோ ஆகலை" என்றான் பையன்.

எனக்குச் சட்டென்று புரிந்து விட்டது. ஸ்லைடு ஷோ என்பது மாவு. வீடியோ என்பது வார்த்த தோசை. மாவாக இருக்கும் வரை உப்புப் போடலாம், வெங்காயம் சேர்க்கலாம். டி.வி.க்கு மட்டும் தோசையாகத்தான் தர வேண்டும்.

பையன் அவசரமாக மாற்றிக் கொடுத்தான். படம் ஓடியது. எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை மட்டும் தட்டவில்லை.

"என்னமோ ஓடுச்சு. யாரும்மா அவங்கல்லாம்?" என்றார்.

அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அத்தைக்கு மறதி. பேரனைத் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இருந்தாலும் மனசு ரொம்ப வலித்தது. ராத்திரி பையனிடம் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பவர்பாயிண்ட் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஐந்து வினாடிதான் கொடுக்குமாம். நாற்பத்திரண்டு படத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்றரை நிமிஷம். எண்பது வருஷத்தை மூன்றரை நிமிஷத்தில் ஓட்டினால் அந்தக் கிழவி என்ன செய்வாள், பாவம்!

மறுநாள் மத்தியானம், தூங்கி எழுந்து தெளிவாக இருந்த நேரத்தில், அவர் பக்கத்தில் கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டு உட்கார்ந்தேன். 1963-ல் எடுத்த அவருடைய கல்யாண போட்டோ. "அத்தை, பாருங்க" என்று சொல்லி விட்டுச் சும்மா இருந்தேன். அரை நிமிஷம் பேச்சே இல்லை. பிறகு விரல் மெல்லத் திரைக்குப் போயிற்று.

"இது எங்கப்பா. அன்னிக்குப் பூரா சாப்பிடலை. பொண்ணு போகுதேன்னு."

கண்ணில் தண்ணீர் வந்து விட்டது எனக்கு.

"அம்மா, அப்பாயி பேசறதை அப்படியே பதிவு பண்ணலாமே!" என்றான் பையன். ஸ்லைடு ஷோவைப் பதிவு செய்யவே அதில் வசதி இருக்கிறது. நாம் எவ்வளவு நேரம் ஒரு படத்தில் நிற்கிறோமோ அந்த நேரமும், பேசுகிற குரலும் அந்த ஸ்லைடோடு சேர்ந்து கொள்ளும். ஒன்று மட்டும் கவனம். ஒரு படம் மறைந்து அடுத்தது வருகிற இடைவெளியில் பேசினால் குரல் பதிவாகாது. முதல் நாள் எனக்குப் பாதிப் பேச்சு காணாமல் போயிற்று! அவர் முழுக்கச் சொல்லி முடித்த பிறகே அடுத்த படத்துக்குப் போகப் பழகிக் கொண்டேன்.

தினம் பத்துப் படம். அதற்கு மேல் அவருக்கு முடியாது. மூன்றாம் நாள் ஒரு படத்தின் ஓரத்தில் யாரோ ஒரு பெண். எங்களுக்கு யாரென்றே தெரியாது. ஓரமாக நிற்கிறாளே என்று அந்தப் படத்தையே எடுத்து விட இருந்தேன்.

"இவ அடுத்த வீட்டுக்காரி. எனக்கு டைபாய்டு வந்து படுத்தப்போ இவ பால் குடிச்சுத்தான் உன் புருஷன் பொழைச்சான்" என்றார் அத்தை.

ஆபீஸிலிருந்து வந்த என் கணவர் அதைக் கேட்டு விட்டுக் காபி ஆறுகிற வரை எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதில் முதல் தடவையாகக் கேட்கிறார்!

பிறகு வீடியோவாக்கினோம். ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ என்று வரிசையாகப் போக வேண்டும். தெளிவு 1080 போதும். பதிவு செய்த நேரத்தையும் குரலையும் உபயோகி என்று அங்கே சொல்ல மறக்கக் கூடாது. சொல்லாவிட்டால் பழையபடி ஐந்து வினாடிதான், குரலும் வராது. முடிகிற வரை கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். மூன்றரை நிமிஷம் ஓடிய படம் இப்போது பத்தொன்பது நிமிஷம்!

அதோடு எங்கள் 2001 கல்யாணக் கேஸட்டையும் ஒட்டச் சொன்னேன். கேஸட் படம் 4:3 அளவு, ஸ்லைடு 16:9 அகலம். அதனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். வந்தால் வரட்டும். இழுத்து நிரப்பினால் ஒல்லியான மணப்பெண்கூட குண்டாகி விடுவாள். நான் பார்த்து விட்டேன், அந்த மணப்பெண் நான்தான்!

சகோதரிகளே, இதைச் செய்கிறவர்கள் பவர்பாயிண்ட் ஃபைலையும் பத்திரமாக வைத்துக் கொள்ளுங்கள். தோசையைத் திரும்ப மாவாக்க முடியாது. ஒரு பெயரைத் திருத்த வேண்டுமானாலும் மாவுதான் வேண்டும். முக்கியமாக, பெரியவர்கள் பேசுகிறபோதே பதிவு செய்து விடுங்கள். அவர்கள் பார்க்கிற வேகத்தில் பார்க்க விடுங்கள்.

இப்போது அத்தைக்குப் பெயர்கள் எல்லாமே மறந்து விட்டன. தினம் மத்தியானம் அந்தப் படத்தைப் போடுவேன். கையைக் கட்டிக் கொண்டு கவனமாகக் கேட்பார்.

நேற்று கூட என்னிடம் சொன்னார்: "இந்தப் பொம்பளை எங்க வீட்டுக் கதையெல்லாம் சரியாச் சொல்றாளே. யாரும்மா அவ?"

"நம்ம வீட்டுக்காரங்கதான் அத்தை" என்றேன்.