மூன்று சென்ட்

சிதம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு நந்தனாரிடமிருந்து தப்பிக்க வழியில்லை. நாங்கள் மூவரும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள்தாம். ஆயினும் ஆனியிலும் மார்கழியிலும் தேர் பார்க்க வீதியில் போய் நின்றிருக்கிறோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளோடு நந்தனார் சரித்திரத்தைக் கதாகாலட்சேபமாகக் கேட்டிருக்கிறோம். தில்லைக்கு வந்தவர் நெருப்பில் மூழ்கி, முனிவராக எழுந்து, கோயிலுக்குள் போய் மறைகிறார். எங்களில் மூத்தவள் அன்றிரவு அப்பாவிடம் கேட்டாள்: "அவரை வெளியில நிக்க வெச்சவங்கதானேப்பா தப்புப் பண்ணினாங்க? அவர் ஏன் நெருப்புல இறங்கணும்?" அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அது அவங்க வழக்கம்மா. நம்மகிட்ட அதெல்லாம் கிடையாது. ஆண்டவர் முன்னால எல்லாரும் ஒண்ணு."

அப்பா பொய் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார் என்றே இன்றும் நினைக்கிறோம். அவர் அப்படிச் சொன்ன அதே வீட்டின் மாட்டுக்கொட்டகை இறவாணத்தில் ஓர் அலுமினியக் குவளை செருகியிருந்தது. எங்கள் வீட்டிலும் நிலத்திலும் நாற்பது ஆண்டுகள் வேலை செய்த அம்மாளுக்கு உரிய குவளை அது. அவரும் எங்கள் சபையைச் சேர்ந்தவரே. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நாங்கள் முன் பெஞ்சில் இருப்போம். அவர் பின்னால் பாயில் இருப்பார். திருவிருந்தில் ஒரே கிண்ணத்திலிருந்துதான் எல்லோருக்கும் ரசம் கொடுப்பார்கள். நாங்கள் முதலில் பருகினோம், அவர் கடைசியில். மறுநாள் காலை அவருக்குக் காப்பி அந்தக் குவளையில்தான். அறுபதைக் கடந்தவரை ஐந்து வயதில் நாங்கள் பெயர் சொல்லி அழைத்தோம். அவர் எங்களைத் 'தம்பி', 'பாப்பா' என்றார். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தபோது கூப்பிட்டது போதும்.

இது எங்கள் வீட்டின் தனிக்குற்றம் அன்று என்று சொல்லித் தப்பிக்க வரலாறு தாராளமாக இடம் தருகிறது. திருச்சபைக்குள் சாதியை அறவே விட்டுவிட வேண்டும் என்று 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது தஞ்சையில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். கவிஞராக நாம் கொண்டாடும் வேதநாயக சாஸ்திரியார் அந்த ஆணையை எதிர்த்தவர்களில் முதன்மையானவர். பின்னர் வந்த லைப்சிக் மிஷன் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போவதே விவேகம் என்று கருதியது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழை ஆழ்ந்து கற்ற அறிஞர். சாதியைச் சமூக வழக்கமாகக் கண்டு பொறுமை காட்டச் சொன்னவரும் அவரே. இந்தப் பொறுமையை ஏற்க முடியாமல் லைப்சிக் மிஷனை விட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி, கடலூருக்கு மேற்கே மேல்பட்டாம்பாக்கத்தில் தன் பணியைத் தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் வேர் அங்கேதான் இருக்கிறது. பேருந்தில் நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் என்று எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறோம். எங்கள் வீட்டுக் குவளையைப் பற்றிய வழக்கு ஒன்று அந்த ஊரில் நூறாண்டுகளுக்கு முன்பே பேசப்பட்டுவிட்டது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

குவளையோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டோம்.

பரங்கிப்பேட்டைக்கு அருகில் தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதன் மூலையில் குடிசை போட்டுக்கொண்டு அந்த அம்மாள் காவல் இருந்தார். "அந்த மூணு சென்ட்ட உன் பேருக்கு எழுதி வெச்சிடறேன்" என்று தாத்தா அவரிடம் சொன்னதாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. தாத்தா 1979-இல் இறந்தார். 1998-இல் எங்கள் படிப்பு, திருமணம் ஆகிய செலவுகளுக்காக அப்பா நிலத்தின் பெரும் பகுதியை விற்றார். விற்றதில் குடிசை இருந்த மூலையும் சேர்ந்தது. அம்மாளின் கையில் இரண்டாயிரம் ரூபாய் கொடுக்கப்பட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கிள்ளைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அந்த வீடும் போயிற்று. உயிர் தப்பி முகாமில் இருந்தவரைப் பார்க்க அப்பா அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். பிறர் துயரம் கண்டு உருகுபவர் என்று அப்போது நாங்கள் பெருமைப்பட்டோம். 2009-இல் அந்த அம்மாள் இறந்தார். 2017-இல் அப்பா.

அப்பாவின் பெட்டியில், ஞானஸ்நானச் சான்றுகளுக்கு அடியில், நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. தாத்தாவின் கையெழுத்து. வடகிழக்கு மூலை மூன்று சென்ட் இன்னாருக்கு என்று எழுதி, தேதியும் போட்டிருந்தார். அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

சபையில் மூப்பராக இருந்தவர். மன்னிப்பைப் பற்றி உருக்கமாக ஜெபிப்பவர். ஒரிசாவில் கணவரையும் இரண்டு சிறு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை 1999-இல் கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்ததைச் சொல்லும்போது அப்பாவின் குரல் தழுதழுக்கும். பாதிக்கப்பட்டவர் மன்னிக்கும் கதைகள் நமக்குப் பிடித்திருக்கின்றன. அவற்றில் நம்முடைய வேலை கண்ணீர் விடுவது மட்டும்தானே! மத்தேயு சுவிசேஷத்தில் வேறொரு காட்சி உண்டு. காணிக்கையோடு பீடத்தருகே வந்தவனுக்குத் தன்மீது சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டுப் போய் ஒப்புரவாக வேண்டும். குறை நம்முடையதல்ல, அவனுடையது; எழுந்து போக வேண்டியவர்களோ நாம். லூக்காவில் வரும் சகேயு ஒரு கணக்கும் சொல்கிறான். சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனை. அப்பா இந்தப் பகுதியைப் பிரசங்கித்து நாங்கள் கேட்டதில்லை. அல்லது பிரசங்கித்தும் எங்கள் காதில் விழவில்லையோ என்னவோ.

அப்பாவை மன்னிப்பதில் நாங்கள் மூவரும் ஒன்றுபடவில்லை, இன்று வரை. எங்களில் இளையவன், "பணமில்லாமல் தவித்தார், நமக்காகத்தானே விற்றார்" என்கிறான். மூத்தவளுக்கு அந்தத் தாளை அவர் கிழித்துப் போடாததுதான் தாங்கவில்லை. கிழிக்காமல் வைத்திருந்தவருக்குத் தினமும் தெரிந்திருக்கும் அல்லவா?

2018-இல் ஒருநாள் கடலூர் முதுநகரிலிருந்து பாசஞ்சர் வண்டியில் புறப்பட்டோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. பரங்கிப்பேட்டையில் வண்டி நின்றபோது, அங்குள்ள சேவா மந்திர் பள்ளியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை நிறுவிய ஆன் மேரி பீட்டர்சன், டேனிஷ் மிஷன் ஊழியராக 1909-இல் இந்தியா வந்தவர். 1917-இல் இளம் மிஷனரியான எஸ்தர் ஃபேரிங்கோடு அகமதாபாத் போய்க் காந்தியைச் சந்தித்தார். ஆட்சியாளர்களுக்கு எதிரியான ஒருவரோடு அவர்கள் கொண்ட உறவு மிஷனுக்கு உவப்பாக இல்லை. இருவருமே மிஷனை விட்டு விலகினார்கள். எஸ்தர் மேனன் என்ற மலையாளி மருத்துவரை மணந்துகொண்டார். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்குத் தேசியக் கல்வி தரும் பள்ளியைத் தொடங்கினார். 1921 செப்டம்பரில் காந்தி வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். இந்துக்களை மனந்திருப்ப வந்த பெண்கள் தாங்கள் மனந்திரும்பினார்கள் என்று இதைச் சொல்லலாம். அவர்கள் கிறிஸ்துவை விடவில்லை; வெள்ளையராக இருப்பதன் வசதியை விட்டார்கள். விட்டதற்கு விலையும் கொடுத்தார்கள். ஐந்து வருடம் வாழ்ந்து ஊர் திரும்பும் ஊழியர் கதையன்று அது. பீட்டர்சன் 1951-இல் மறையும் வரை இந்தியாவையே தம் வீடாகக் கொண்டிருந்தார்.

வண்டி நகர்ந்தது. எங்களிடம் ஒரு பழப் பையும் அந்தத் தாளின் நகலும் இருந்தன.

மகளுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுத்த வீடு. எங்களை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தேநீர் போட்டார். எவர்சில்வர் தம்ளர்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தவர், கொடுக்காமல் ஒரு கணம் நின்று, "குடிப்பீங்களா?" என்றார். குடித்தோம்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததையெல்லாம் மூத்தவள் சொன்னாள். சொல்லும்போதே அழுதாள். அவர் தாளின் நகலை எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தார்.

"எங்கம்மா உங்க அப்பாவுக்காக டெய்லி ஜெபம் பண்ணும். அது எப்பவோ மன்னிச்சிடுச்சி. அது மனசு அப்படி. நான் மன்னிக்கலக்கா. பொய் சொல்ல மாட்டேன். நீங்க அழுவாதீங்க. மூணு சென்ட்டுக்கு என்ன பண்றீங்கன்னு பேசுங்க."

வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. மன்னிப்பைப் பெற்றுக்கொண்டு லேசான மனதோடு திரும்பலாம் என்றுதான் போயிருக்கிறோம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால், பழப் பையோடு விஷயம் முடிந்திருக்கும் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாட்டி பெயரில் சாலையோரமாக விற்காமல் ஐந்து சென்ட் மிச்சம் இருந்தது. மூன்று போதும் என்றான் இளையவன். ஐந்தும்தான் என்றாள் மூத்தவள். சகேயுவின் கணக்குப்படி பன்னிரண்டு என்று மற்றவர் சொல்லி இருவரிடமும் திட்டு வாங்கினார். பாட்டிக்குப் பின் அப்பா பெயருக்கும் எங்கள் பெயருக்கும் வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் என்று வருடங்கள் ஓடின. நடுவில் கொரோனா. ஒருவழியாகப் பத்திரம் எழுதுபவர் முன் போய் அமர்ந்தோம், அவரும் வந்திருந்தார்.

"உறவுமுறை என்னங்க?" என்றார் எழுதுபவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "உறவு இல்லன்னா தான செட்டில்மெண்ட் ஆவாது. சும்மா தானப் பத்திரம்னு போட்டுடலாம்."

"தானம்னு போடாதீங்க," என்றார் அவர். "எங்கம்மா நாப்பது வருஷம் குடுத்தாச்சி. கிரயம்னு போடுங்க."

கிரயம் என்றால் தொகை காட்ட வேண்டும், வழிகாட்டி மதிப்புப்படி முத்திரைத் தாள் வாங்க வேண்டும் என்று எழுதுபவர் விளக்கினார். முத்திரைச் செலவு எங்களுடையது என்றோம். தொகையை எப்படிக் காட்டுவது என்பதில் அன்று மாலை வரை பேச்சு நடந்தது. நாற்பது வருடக் கூலி பாக்கியை எழுதும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

இளையவன் கனடாவில் இருக்கிறான். அவனுடைய அதிகாரப் பத்திரத்தில் ஒரு முத்திரை விடுபட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. மாதம் பிறந்தால் மூத்தவளுக்குக் கிள்ளையிலிருந்து அழைப்பு வருகிறது. நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

"பேப்பர் வந்திடுச்சாக்கா?"