ஒரு யார்டு, இரண்டு பேர்

சூப்பர் பௌல் 49 பற்றிப் பேச்சு வந்தால் ஒரே கேள்விதான் முதலில் விழும்: "லிஞ்ச்கிட்ட ஏன்யா பந்தைக் குடுக்கல?"

2015 பிப்ரவரி 1. பேட்ரியாட்ஸ் 28, சீஹாக்ஸ் 24. சீஹாக்ஸ் எண்ட் ஸோனைத் தொட ஒரே ஒரு யார்டு பாக்கி. கடிகாரத்தில் 26 விநாடி. முட்டித் தள்ளிக்கொண்டு ஓடுவதில் பேர்போன மார்ஷான் லிஞ்ச் பக்கத்திலேயே நிற்கிறார். ஆனால் ரஸ்ஸல் வில்சன் பந்தை எறிந்தார். அதை மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். சோலி முடிந்தது.

அந்தக் கேள்வி எனக்கு உறுத்தும். எல்லாமே எறிந்தவர்கள் செய்த தப்பு என்று சொல்லிவிட்டால், தடுத்தவர்கள் சும்மா நின்றமாதிரி ஆகிவிடுகிறதே?

மைதானத்தின் நடுவில் தடுப்பவருக்கு இருக்கும் பெரிய பயம், ரிசீவர் தன்னைத் தாண்டி ஓடிவிடுவாரோ என்பது. அதனால் இடம்விட்டு நிற்பார். பின்னால் காவலுக்கு இன்னொருவர் இருப்பார். கோல் லைனில் அந்தப் பயம் இல்லை. எண்ட் ஸோனின் ஆழமே 10 யார்டுதான், அதற்குப் பின்னால் ஓட இடம் கிடையாது. ஆளுக்கு ஒரு ரிசீவர் என்று பிரித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு எட்டு தாமதித்தாலும் டச்டவுன். அந்த ஒரு எட்டைத் திருடத்தான் ரிசீவர்கள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். முன்னால் நிற்பவர் வழியை மறைப்பார். பின்னால் நிற்பவர் அந்த மறைவில் உள்ளே வெட்டி ஓடுவார். தடுக்கும் இருவரும் ஒரே வரிசையில் நின்றால், ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்ள வேண்டியதுதான்.

அன்றைக்கு முன்னால் ஜெர்மெய்ன் கியர்ஸ், பின்னால் ரிக்கார்டோ லாக்கெட். சீஹாக்ஸ் மூன்று ரிசீவர்களை இறக்கியதால் பேட்ரியாட்ஸ் மூன்றாவது கார்னர்பேக்காகப் பட்லரை அனுப்பியிருந்தது. டிராஃப்டில் யாரும் எடுக்காத புதுப் பையன். இதே ஆட்டத்தைப் பயிற்சியில் தடுக்க முடியாமல் கோட்டை விட்டவர். அவருக்கு முன்னால் பிராண்டன் பிரவுனர்: ஆறடி நான்கு அங்குலம், அதற்குமுன் சீஹாக்ஸிலேயே ஆடியவர். பிரவுனர் கோட்டை ஒட்டி கியர்ஸின் முகத்துக்கு நேரே நின்றார். பட்லர் சில அடி தள்ளிப் பின்னால் நின்றார்.

பந்து நகர்ந்ததும் பிரவுனர் கியர்ஸின் மார்பில் கைவைத்து நின்ற இடத்திலேயே நிறுத்திவிட்டார். மறைப்பே விழவில்லை. பட்லரின் வழி துடைத்துவிட்டமாதிரி திறந்து கிடந்தது. அவர் ஓடினார்.

அந்த வீடியோவை நிறைய தடவை பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் என் கண் பட்லரின் 21-ஐ விட்டுவிட்டு பிரவுனரின் 39-இல்தான் நிற்கிறது. அவர் பந்தைத் தொடவில்லை. அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை. இன்டர்செப்ஷன் பட்லரின் கணக்கில் ஏறியது, நியாயம்தான். ஒருவரை நகரவிடாமல் பிடித்துவைத்ததற்குப் புள்ளிவிவரத்தில் கட்டம் கிடையாது.

பட்லரின் பாய்ச்சலைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்தத் துணிச்சல் எல்லாருக்கும் வராது. ஆனால் தன் முன்னால் இருக்கும் ஆள் நகரமாட்டான் என்று நம்பினால்தான் அப்படிக் கண்ணைமூடிக்கொண்டு ஓட முடியும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றித் தருவதும் ஒரு வேலை. அதைச் செய்பவர் பெரும்பாலும் பந்துக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்.