மறுநாள் வந்த போலீஸ்

தமிழ்நாட்டுப் பஸ் குமுளியோடு நின்றுவிடும். எல்லையை நடந்து கடந்து, கோட்டயம் போகும் கேரள அரசு பஸ்ஸில் ஏறி அரை மணி நேரம் உட்கார்ந்தால் வண்டிப்பெரியார். வழியில் முதலில் ஏலக்காயும் மிளகும் விற்கும் கடைகள், அப்புறம் இரண்டு பக்கமும் தேயிலை. முல்லைப் பெரியாறு அணையிலிருந்து இறங்கி வரும் ஆறு இந்த ஊரின் ஊடாகத்தான் போகிறது. கடைப் பலகைகள் மலையாளத்தில் இருக்கின்றன. கடைத்தெருவில் காதில் விழும் பேச்சில் பெரும்பகுதி தமிழ். தமிழிலும் ஒரு மலையாள இழுப்பு; மதுரைக்காரருக்கு அது மலையாளம் போலவும் கோட்டயத்துக்காரருக்குத் தமிழ் போலவும் கேட்கும்.

இங்கே போலீஸ் எப்படி என்று விசாரித்துப் பாருங்கள். திட்டுகிறவர்களும் குறைவு, புகழ்கிறவர்களும் குறைவு. ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன் என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் கேட்பது, ‘யாரோடு போனாய்?’ என்பதுதான். என்ன ஆயிற்று என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். தனியாகப் போனேன் என்றால் கேட்டவர் பேச்சை மாற்றிவிடுவார். யூனியன்காரரோடு, கட்சிக்காரரோடு, பஞ்சாயத்து மெம்பரோடு போனேன் என்றால்தான் கதையைத் தொடர்ந்து கேட்பார்.

இந்தக் கேள்விக்குத் தோட்டத்தின் வயசு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீர்மேட்டு மலைகளில் காப்பியும் பிறகு தேயிலையும் வைத்தபோது தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தவர்கள் கங்காணிகள். சண்டை, திருட்டு, பெண் விவகாரம் எதுவானாலும் முதல் விசாரணை கங்காணியிடம். அவரால் முடியாவிட்டால் துரையிடம். போலீஸ் என்பது துரை கூப்பிட்டால் வருகிற ஒன்று. தொழிற்சங்கம் வந்த பிறகு துரையின் இடத்தில் பாதியை யூனியன் தலைவர் பிடித்துக்கொண்டார். அது ஒரு முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. 1958 அக்டோபரில் இதே இடுக்கி மலைகளின் இன்னொரு மூலையான மூணாறில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் சுட்டதில் இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். அப்படிப்பட்ட போலீஸிடம் தனியாகப் போகாதே என்று சங்கம் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சங்கத்துக்குச் சொந்தக் கணக்குகள் உண்டு. எந்தப் புகாரைக் கொண்டுபோவது, எதை லயத்திலேயே பேசி முடிப்பது என்று தீர்மானிப்பவர் இன்னொருவர் ஆகிவிடுகிறார்.

லயம் என்றால் என்ன என்று சமவெளி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஓட்டிக் கட்டிய வீடுகள். ஓர் அறை, ஒரு சமையலிடம், முன்னால் ஒரு திண்ணை. இடையில் ஒரு சுவர்தான். அடுத்த வீட்டுக் குழந்தை இருமினால் இங்கே கேட்கும். ரகசியம் என்பது இல்லாத இடம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மொழிபெயர்ப்பு எனக்குப் பிழைப்பு என்பதால் மலைப்பக்கம் போகும்போது யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்பது வழக்கம். ஒரு தடவை நீட்டியவர் ஒரு தோட்டத்து அம்மா. அது அவரே கொடுத்த புகாரின் நகல். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். தமிழில் சொன்னாராம், மலையாளத்தில் எழுதிக்கொண்டார்களாம், கைநாட்டு வைத்தாராம். எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் சொன்ன வரிசையில் இல்லை. அவர் எனக்கு முதலில் சொன்ன விஷயம் காகிதத்தில் கடைசியில், அதுவும் அரை வாக்கியமாக இருந்தது. நான் வாசித்து முடித்ததும் அவர், “நான் இதைச் சொல்லலையே” என்றார். சொல்லியிருந்தார், அவர் சொன்ன மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமலில்லை. வாய்மொழிப் புகாரை எழுதி, கொடுத்தவருக்கே வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு சொன்னது; 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நகல் இலவசம். எல்லைப் பிரச்னை காட்டி விரட்டக் கூடாது, எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. ஒரு கால் குமுளியிலும் ஒரு கால் கம்பத்திலும் வைத்து வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. குறைகளைச் சொல்லும் மனுவை, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு. கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டமோ, மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும் என்கிறது. இத்தனை பிரிவுகளையும் அந்த அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதை அவர்களிடம் யார் சொல்வது என்று கேட்டார். மறுபடியும் ‘யாரோடு போவது’ என்ற இடத்துக்கே வந்து நின்றோம்.

இதெல்லாம் கைநாட்டு, காகிதத் தகராறு. வண்டிப்பெரியாரின் பெயரை நாடு முழுக்கப் பத்திரிகைகளில் கொண்டுவந்தது வேறு ஒன்று.

2021 ஜூன் 30. இங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று அறைக்குள் உயிரற்றுக் கிடைத்தது. பெற்றோர் வேலைக்குப் போயிருந்தார்கள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த காலம். கேரளத்தில் மறுபடி திறந்தது அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதிதான். தோட்டங்களில் பிள்ளைக்காப்பகம் வைக்கச் சொன்ன 1951-ஆம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத்தான் கணக்கில் எடுத்தது. ஆறு முடிந்தால் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று எண்ணியிருப்பார்கள். பள்ளிக்கூடமும் இல்லாத நாட்களில் ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இருந்தது லயத்துச் சுவர் மட்டும்தான்.

விளையாடும்போது கயிறு சிக்கிய விபத்து என்றே முதலில் எண்ணினார்கள். பிரேதப் பரிசோதனையில்தான் குழந்தை பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகியிருந்தது தெரிந்தது. சில நாட்களில் அதே லயத்தைச் சேர்ந்த ஓர் இளைஞரைப் போலீஸ் கைது செய்தது. செப்டம்பரில் குற்றப்பத்திரிகையும் தாக்கலாயிற்று. வேகமான வேலை என்று பாராட்டத் தோன்றும். அன்று அப்படித்தான் தோன்றியது.

2023 டிசம்பர் 14-ஆம் தேதி கட்டப்பனை விரைவு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் நிரூபணமாகவில்லை, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. குழந்தையின் தாய் நீதிமன்ற வளாகத்தில் கதறியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கதறலுக்குப் பிறகு தீர்ப்பை வாசித்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். விசாரணை அதிகாரி சம்பவ இடத்துக்கு வந்ததே மறுநாள். அறையில் கைரேகை போன்ற தடயங்கள் முறைப்படி சேகரிக்கப்படவில்லை. சாட்சியங்களைத் திரட்டியதில் ஓட்டை என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024-ல் அந்த அதிகாரி சஸ்பெண்ட் செய்யப்பட்டார். தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடுகளும் போயின.

மறுநாள் என்ற அந்த ஒரு சொல்லில்தான் வண்டிப்பெரியாரின் கோபம் முழுக்க இருக்கிறது. டவுனிலிருந்து தோட்டத்து லயம் எவ்வளவு தூரம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ராத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் எத்தனை பேர் வந்து போவார்கள், எத்தனை கை எதையெல்லாம் தொடும் என்பதும் தெரியும். துக்க வீடல்லவா? எல்லோரும் வருவார்கள், துடைப்பார்கள், கழுவுவார்கள். அந்த அறையைப் பூட்டி வாசலில் ஒரு காவலரை நிறுத்தியிருந்தால் போதும் என்று இன்று சொல்வது சுலபம்தான். ஆனால் அதைச் சொல்வதற்கென்றே ஒரு இலாகா இருக்கிறது.

இதில் ஒரு கஷ்டத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஊரில் பலர் பேசுவதைக் கேட்டால் குற்றவாளி யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. நீதிமன்றம்தான் கோட்டை விட்டது என்பார்கள். நான் அப்படி எழுத மாட்டேன். சட்டத்தின் முன் அந்த இளைஞர் விடுதலையானவர். அவர் செய்யவில்லை என்றால் செய்தவன் யாரென்று தேடவே இல்லை. செய்தார் என்றால் நிரூபிக்க வேண்டியதைப் போலீஸ் தொலைத்துவிட்டது. இரண்டில் எதுவானாலும் பழுது அந்த முதல் நாளில்தான். குழந்தையின் குடும்பத்துக்கு நீதி இல்லை, விடுதலையானவருக்கு ஊர் வாயிலிருந்து விடுதலை இல்லை. 2024 ஜனவரியில் வண்டிப்பெரியார் டவுனிலேயே குழந்தையின் தகப்பனாரும் பாட்டனாரும் கத்திக்குத்துக்கு ஆளானார்கள். விடுதலையானவரின் உறவினர் ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. சரியாக விசாரிக்காத வழக்கு கோர்ட்டில் முடிந்தாலும் தெருவில் முடிவதில்லை.

கேரளப் போலீஸ் மக்களிடமிருந்து விலகி நிற்கிறது என்று சொல்லவும் முடியாது. 2008-ல் ஜனமைத்ரி என்ற திட்டம் முதலில் 20 ஸ்டேஷன்களில் ஆரம்பித்து மாநிலம் முழுக்கப் பரவியது. பீட் போலீஸ்காரர் வீடு வீடாகப் போய்க் குடும்பங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். நல்ல திட்டம்; மற்ற மாநிலத்தார் வந்து பார்த்துவிட்டுப் போன திட்டம். லயத்தில் அது எப்படி வேலை செய்யும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். பகலில் வருகிற பீட் போலீஸ்காரருக்குப் பூட்டிய கதவும், திண்ணையில் ஒரு கிழவியும், நாலைந்து குழந்தைகளும்தான் கிடைக்கும். வீட்டில் யாருமில்லை என்று திரும்புவது சுலபம். பகல் முழுக்க அந்தக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரித்திருந்தால் அதுதான் ஜனமைத்ரி.

போலீஸ் தாமதமாக வருவது பாதிப் பயம். மீதிப் பாதி, கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பது. இங்கிருந்து பக்கத்திலிருக்கும் பீர்மேடு சப் ஜெயிலில் 2019 ஜூன் 21-ஆம் தேதி ஒரு ரிமாண்ட் கைதி இறந்துபோனார். பண மோசடி வழக்கில் நெடுங்கண்டம் போலீஸ் பிடித்துவைத்திருந்தவர். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பிரேதப் பரிசோதனை செய்தார்கள். நீதிபதி நாராயண குருப் கமிஷன் விசாரித்துக் காவலில் நடந்த சித்திரவதையே மரணத்துக்குக் காரணம் என்று அறிக்கை கொடுத்தது; வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. இதைப் படித்துவிட்டு மலையாளப் போலீஸ் என்று உச்சுக்கொட்ட நமக்கு யோக்கியதை கிடையாது. ஒரே வருடம் கழித்து, 2020 ஜூனில், சாத்தான்குளத்தில் அப்பாவும் மகனும் காவலில் அடிபட்டு அடுத்தடுத்த நாளில் செத்தார்கள். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டை ஒரே காக்கிதான்.

சரி, இந்த ஊர் போலீஸை நம்புகிற நேரமே கிடையாதா? உண்டு. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்து, குமுளி எல்லை அடைபட்டு, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மலையிறங்கித் தேனிப் பக்கம் ஓடிய நாட்களில், இங்கேயே இருந்துவிட்டவர்கள் எதிர்பார்த்து நின்றது போலீஸ் ஜீப்பைத்தான். 2018 ஆகஸ்டில் அணையின் மதகுகள் திறந்து ஆறு ஊருக்குள் ஏறியபோதும் அப்படித்தான். 2021 டிசம்பர் தொடக்கத்தில் ராத்திரியில் ஷட்டர்களைத் திறந்து ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும், முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஜனங்கள் ரோட்டை மறித்தார்கள். ஷட்டரைத் திறப்பது தமிழ்நாடு. எச்சரிக்க வேண்டியது கேரளம். நடு ரோட்டில் நின்று வசவு வாங்கியது உள்ளூர்க் காவலர்கள். அந்தக் காவலர்மேல் எனக்கு அனுதாபம் வந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளம் என்றாலும் கலவரம் என்றாலும் கூட்டம் கூட்டமாய்ப் பாதிக்கப்படுகிறவர்கள் ‘யாரோடு போனாய்’ என்று கேட்டுக்கொள்வதில்லை. எல்லோருமே அங்கே இருக்கிறார்கள். 2011 ஜனவரி 14-ஆம் தேதி மகரஜோதி பார்த்துவிட்டுப் புல்மேட்டிலிருந்து இறங்கிய கூட்டத்தில் நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்ட பக்தர்கள் இறந்தார்கள். வண்டிப்பெரியார் வழியாகச் சபரிமலை போகிற அந்தக் காட்டுப்பாதைக்கு அதன் பிறகு சீசன் தோறும் பந்தோபஸ்து போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் வருகிறவர்களைக் காக்கப் பழகிவிட்டார்கள். ஒரு லயத்தின் ஓர் அறையிலிருந்து ஒற்றை ஆளாக ஒருத்தி வந்து நிற்கும்போதுதான் தடுமாற்றம்.

புகாரைக் காட்டிய அந்த அம்மாவை அடுத்த தடவை போனபோது பார்த்தேன். அன்று நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனாரா என்று கேட்டேன். போனாராம். ரைட்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, படிக்கத் தெரிந்தவர் லீவில் இருக்கிறார், திங்கட்கிழமை வா என்றாராம். திங்கட்கிழமை கொழுந்து அதிகம், லீவு கிடைக்கவில்லை. காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறார்.