கீலும் புணர்ச்சியும்

மொழியியலில் முதுகலை முடித்தவள் இயந்திரப் பொறியியல் பட்டறையில் கீல்களை ஏன் அளந்துகொண்டிருக்கிறாள் என்று நண்பர்கள் பலர் கேட்டுவிட்டனர். அவர்களுக்கும், துறைகளின் எல்லையில் நின்று ஆய்வு செய்ய எண்ணும் மாணவர்களுக்குமாக இந்த நீண்ட பதிவு.

என் முனைவர் பட்ட ஆய்வு தொழிற்கூடங்களில் வழங்கும் சொற்களைப் பற்றியது. தில்லி கீர்த்தி நகரின் மரச்சாமான் பட்டறைகளில் கீலுக்குக் 'கப்ஜா' என்று பெயர். பிறர் நிலத்தை வளைத்துப்போடுவதற்கும் இந்தியில் அதே சொல்தான். அரபு மூலத்தில் அது கைக்குள் பற்றிக்கொள்வதைக் குறிக்கும். தமிழில் கீல் என்றால் மூட்டு. கீல்வாதம் என்ற சொல்லில் அப்பொருள் இன்றும் வழங்குகிறது. ஒரு மொழி பிடிப்பைக் கண்டு பெயரிட்டிருக்கிறது. மற்றொன்று அசைவைக் கண்டு பெயரிட்டிருக்கிறது. கீல் செய்ய வேண்டிய வேலை இவ்விரண்டும்தான். இந்தச் சொற்களைத் தொகுக்கப் போன இடத்தில்தான், சுருள்வில் பொருத்திய கீல் ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்த பொறியியல் ஆய்வாளர்களுடன் சேர்ந்து பணியாற்றும் வாய்ப்பு அமைந்தது. மின்பெட்டிகள், இயந்திர உறைகள் ஆகியவற்றின் கதவுப் பலகைகளை ஒருவரே விரைவாகவும் பிசகின்றியும் மாட்ட வேண்டும் என்பது அவர்களது நோக்கம்.

சாதாரணக் கீலில் கதவு மாட்டுவதைக் கவனித்தவர்களுக்குச் சிக்கல் விளங்கும். ஒருவர் பலகையைத் தூக்கிப் பிடித்திருக்க, மற்றொருவர் திருகாணிகளை முடுக்குவார். மேல் கீலின் அச்சும் கீழ்க் கீலின் அச்சும் ஒரே நேர்கோட்டில் அமையாவிட்டால் கதவு முரண்டும். உடனே இழைப்புளியால் ஓரத்தைச் சீவுவார்கள். அல்லது கீலுக்கு அடியில் அட்டைத் துண்டைச் செருகுவார்கள். அல்லது தகட்டையே சற்று வளைப்பார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்கு நன்னூலின் புணரியல் நினைவுக்கு வந்தது. வாழையும் பழமும் சேரும்போது ஓர் ஒற்று தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேரும்போது னகரம் திரிகிறது. மரமும் வேரும் சேரும்போது மகரம் கெடுகிறது. அட்டையைச் செருகுவது தோன்றல், தகட்டை வளைப்பது திரிதல், ஓரத்தைச் சீவுவது கெடுதல். பொன்னும் மலையும் எந்த மாற்றமுமின்றிச் சேர்வதுபோல் பலகையும் சட்டமும் சேர வேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் கனவு. அது இயல்பு புணர்ச்சி.

அந்த இயல்பை எட்டுவது எளிதன்று. விரைவும் துல்லியமும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. 8 மி.மீ. விட்டமுள்ள முளை, 8.5 மி.மீ. துளைக்குள் தடையின்றி நுழையும், ஆனால் 0.5 மி.மீ. ஆட்டம் மிஞ்சும். கீல்கள் 700 மி.மீ. இடைவெளியில் அமைந்த, 600 மி.மீ. அகலமுள்ள கதவில் அந்த ஆட்டம் கைப்பிடிப் பக்கத்தில் ஏறத்தாழ 0.4 மி.மீ. தொங்கலாக வெளிப்படும். கீல்களின் இடைவெளியை 200 மி.மீ. ஆகக் குறைத்தால் தொங்கல் 1.5 மி.மீ. ஆகிவிடும். துளையை 8.1 மி.மீ. ஆக இறுக்கினாலோ, தலைக்கு மேல் கனமான பலகையைத் தாங்கி நிற்பவரால் முளையைத் துளைக்கு நேராகக் கொண்டுவருவது பெரும்பாடு.

இங்கேதான் சுருள்வில் உதவுகிறது. முளையின் முனையைக் கூம்பாகக் கடைந்து, பின்னாலிருந்து வில் தள்ளும்படி அமைத்தால், குறுகிய முனை அகன்ற துளைக்குள் எளிதில் நுழையும்; பின்பு வில் தள்ளத் தள்ளக் கூம்பு துளையின் விளிம்பில் அமர்ந்து ஆட்டத்தை முழுவதும் நீக்கிவிடும். கூம்பின் சரிவு மிகக் குறைவாக இருந்தால் அது ஆப்புப்போல் இறுகிக் கழல மறுக்கும். மிக அதிகமாக இருந்தால் கதவின் பாரமே முளையைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எத்தனை கீல்கள் என்பதும் முக்கியம். இரு புள்ளிகளே ஒரு கோட்டைத் தீர்மானித்துவிடும். மூன்றாவது கீல் வைத்தால் அது சற்று அசைந்துகொடுக்க வேண்டும், இல்லையேல் மற்ற இரண்டோடும் சண்டையிடும்.

வில்லின் தேர்வும் நுட்பமானது. ஒரு மி.மீ. அமுக்க 1.5 நியூட்டன் விசை கேட்கும் விறைப்பான வில்லை 4 மி.மீ. முன்னமுக்கி வைத்தால் அது 6 நியூட்டனால் பிடித்திருக்கும். கழற்றுவதற்கு மேலும் 8 மி.மீ. இழுக்கும்போது விரல் 18 நியூட்டன் தர வேண்டும். மி.மீ.க்கு 0.5 நியூட்டன் மட்டுமே கேட்கும் நீண்ட, மென்மையான வில்லை 16 மி.மீ. முன்னமுக்கினால் பிடிப்பு 8 நியூட்டன். இழுக்க 12 நியூட்டன் போதும். பிடிப்பு கூடுகிறது, விரலின் வலி குறைகிறது. கீலின் கூடு சற்று நீளமாவதே இதற்கான விலை.

இவையெல்லாம் பொறியியல் நண்பர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தவை. நான் அவர்களுக்குக் கொண்டுசென்றது ஒரே ஓர் ஒலிக்குறிப்பு. வயது முதிர்ந்த மிஸ்திரி ஒருவர், மேல் கீல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் 'டக்' என்ற ஓசையை நம்பியே கையை எடுப்பதாகச் சொன்னார். அப்படியானால் அந்த ஓசை ஒரு குறி. குறி பொய் சொன்னால் பலகை தலையில் விழும். அப்போதைய மாதிரியில் முளை பாதி நுழைந்து விளிம்பில் தட்டும்போதும் அதே ஓசை எழுந்தது. இரண்டு நிலைகளுக்கு ஒரே ஒலியன் இருந்தால் பொருள் எப்படி வேறுபடும் என்று கேட்டேன். இப்போது முளை முழுமையாக அமர்ந்தால் மட்டுமே தனியொரு தாழ் விழுந்து ஓசை எழுப்புகிறது. அமராவிட்டால் குமிழின் அடியில் சிவப்புப் பட்டை வெளியே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பேசிய தொழிலாளர்கள் கதவுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர்கள். மாட்டும் நேரம் பாதியானால் கதவுக்கான கூலியும் பாதியாகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. பிடித்துக்கொள்ள வரும் உதவியாள் பெரும்பாலும் ஊரிலிருந்து அழைத்துவந்த தம்பியோ மருமகனோ. கீல் அவனது இடத்தை எடுத்துக்கொள்கிறது. துல்லியம் கையிலிருந்து கருவிக்கு இடம்பெயரும்போது, அதற்கான மதிப்பும் பட்டறையிலிருந்து தொழிற்சாலைக்கு இடம்பெயர்கிறது. 'உழைப்பு மிச்சம்' என்று நாம் கட்டுரைகளில் எழுதும் தொடரில் அந்த மிச்சம் யாருக்கு என்ற கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

அதற்காகக் கீலை மறுப்பதா? தோள்வலியோடு மாலையில் அமர்ந்திருப்பவர்களைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. திறன் முற்றிலும் மறைவதுமில்லை. நம் சுவர்கள் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்பது அரிது. சட்டமே கோணலாக நின்றால் மிகத் துல்லியமான கீலும் கோணலையே துல்லியமாகக் காட்டும். மாடுலர் சமையலறைக் கதவுகளின் கீல்கள் இதை ஒப்புக்கொண்டவை. 35 மி.மீ. கிண்ணத் துளையோடு பலகை வரும். கை அழுத்தத்தில் கீல் அடித்தகட்டில் கவ்விக்கொள்ளும். பிறகு திருகாணிகளால் மூன்று திசைகளிலும் சில மி.மீ. நகர்த்தலாம். எந்தத் திருகை எவ்வளவு திருப்புவது என்று அறிவது பழைய இழைப்புளி அறிவின் தொடர்ச்சியே.

எனவே எங்கள் மதிப்பீட்டுத் தாளில் ஒரு பலகைக்கு ஆகும் வினாடிகளை மட்டும் எழுதினால் போதாது என்று வாதிட்டேன். விரல் தரும் விசை, பொய்யோசையின் எண்ணிக்கை, கோணலைச் சரிசெய்ய ஆகும் நேரம் ஆகிய மூன்று வரிசைகள் இப்போது சேர்ந்துள்ளன. கூலியைப் பற்றிய வரிசை இன்னும் சேரவில்லை. அது எங்கள் துறைக்கு அப்பாற்பட்டது என்கிறார்கள். எந்தத் துறைக்கு உட்பட்டது என்று கேட்டிருக்கிறேன். பொருளியல், தொழிலாளர் ஆய்வுகள் படிக்கும் நண்பர்கள் இதைத் தொடர்ந்து பேசினால் மகிழ்வேன்.