பெயருக்கு ஒரு வேடன்

நியூயார்க் நகரத்தில் 1964-ஆம் ஆண்டின் 'ஃபன்னி கேர்ள்' என்ற இசை நாடகத்தை 2022-இல் மீண்டும் மேடையேற்றினார்கள். சில மாதங்களில் கதாநாயகி விலகிக்கொள்ள, தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்ற லியா மிஷேல் அந்த வேடத்துக்கு வந்தார். சீட்டுகள் பறந்தன. இடையில் ஒரு மாதம் நாடகத்தைத் தாங்கி நின்ற ஜூலி பென்கோவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆள் மாற்றி ஆடுவது தமிழ் மேடைக்குப் புதிதன்று. நம் ஸ்பெஷல் நாடகத்தின் ஏற்பாடே அதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த 'வள்ளி திருமண'த்தை எல்லோரும் பாடம் பண்ணியிருப்பார்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் இன்னோர் ஊர். அன்று மாலைதான் சந்திப்பார்கள், ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் எழும்பினால் விடியும்வரை ஆட்டம். நோட்டீஸில் பெயரைப் பார்த்துத்தான் கூட்டம் வரும். ஆனால், அந்தப் பெயருக்குரியவர் எதிராளியின் சுருதிக்கும் தர்க்கத்துக்கும் ஈடுகொடுத்தாக வேண்டும். 1926-இல் இலங்கையில் கே. பி. சுந்தராம்பாளோடு எஸ். ஜி. கிட்டப்பா சேர்ந்து நடித்தபோது ஜனங்கள் திரண்டது அந்தப் போட்டியைக் கேட்கத்தான். 1933-இல் கிட்டப்பா மறைந்தார். வேறோர் ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று அம்மையார் ஒதுங்கிவிட்டார். 1935-இல் சினிமாவுக்கு அழைத்தபோது நந்தனாராக, ஆண் வேடத்திலேயே வந்தார். ஆள் மாற்ற முடியாத இடமும் உண்டு போலும்!

இதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் சாம்பியன் ரீப்ஸ் திருவிழாவில்தான். தங்கச் சுரங்கம் 2001-இல் மூடியபின், எங்கள் லைனில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடிப் பிழைக்கிறவர்கள். அவர்களிடம் வசூலித்துத்தான் நாடகம். நெடுங்காலமாக முருகன் வேடம் கட்டியவர், சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்த ஒரு பெரியவர். அவ்வருஷம் குழுவினர், “மாமா, இந்தத் தடவை சீரியல் நடிகர் வருகிறார். நீங்கள் கொஞ்சம்...” என்று இழுத்தார்கள். “வரட்டும் தம்பி, கூட்டம் வரட்டும்” என்றார் அவர். கூட்டம் வந்தது. மைதானம் கொள்ளவில்லை, வசூலிலும் குறைவில்லை. இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

நடிகர் வேடனாக வந்து நின்றதும் விசில் பறந்தது. பாட்டுக்கு வாய் திறந்தார், குரல் எட்டவில்லை. ஆர்மோனியக்காரர் இரண்டு கட்டை இறக்கினார். வள்ளியாக வந்த அம்மாள் மேல் சுருதியில் கணீரென்று பாடுகிறவர்; இறக்கிய சுருதியில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கிற்று. பின்வரிசையிலிருந்து, “அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதா?” என்று கேட்டார்கள். பழி யார் தலையில் விழுகிறது, பாருங்கள்!

தர்க்கம் தொடங்கியது. மனப்பாடம் செய்த நாலு வரி தீர்ந்ததும் வேடர் மரமாக நின்றார். வள்ளி கேள்வியையும் கேட்டு, “நீர் இப்படித்தானே சொல்ல நினைக்கிறீர்?” என்று பதிலையும் தாமே சொல்லிச் சமாளித்தார். திரைமறைவில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வரிகளை மெல்ல எடுத்துக் கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? நம் மாமாதான். நடிகரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அழைத்தார்கள், வந்தார். வேர்த்துக் கொட்டக் கொட்ட விடியும்வரை நின்றார்; போகும்போது மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

இந்த ஆண்டு மறுபடியும் பெரிய பெயர் தேடுகிறார்கள். தேடட்டும். குழுவில் நான் கேட்டவை இரண்டு. சுருதியை வள்ளியைக் கேட்டு வைக்க வேண்டும். வருகிற நடிகர் இரண்டு நாள் முன்னதாக வந்து மாமாவிடம் தர்க்கம் பாடம் கேட்க வேண்டும். முதலாவதற்குத் தலையாட்டினார்கள். இரண்டாவதற்கு, “இரண்டு நாள் லாட்ஜ் செலவை யார் கொடுப்பது?” என்று பொருளாளர் கேட்டிருக்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.